ஐந்து நட்சத்திர மொய்

"உன்னையத் தெரியாதவுக எப்படிம்மா உனக்கு ஸ்டார் போடுவாக?"

அகல்யா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. கணினி முன் உட்கார்ந்திருந்த அம்மாவின் நாற்காலிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் செஞ்ச வேலையப் பாத்துட்டுப் போடுவாக" என்றாள் யோகலட்சுமி.

"வேலையே குடுக்கலைன்னா?"

"அப்ப ஸ்டாரும் இல்ல."

"ஸ்டார் இல்லைன்னா யாரும்மா வேலை குடுப்பாக?"

யோகலட்சுமி திரையிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தாள். பக்கத்து ஸ்டூலில் இருந்த பர்வீன் பானுதான் கை தட்டிச் சிரித்தாள்.

"கேட்டா பாருங்கக்கா உங்க மக! ஒரு மாசமா என் தொண்டைக்குள்ள நிக்கிற கேள்வி."

யோகலட்சுமி சிவில் டிப்ளமோ படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு காரைக்குடியில் ஒரு இன்ஜினியர் அலுவலகத்தில் வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் பாண்டீஸ்வரன் லாரி ஓட்டினான். ஒரு விபத்தில் அவன் முதுகுத்தண்டில் அடிபட்டது. அறுவை சிகிச்சை முடிந்து வந்தபோது, இனிமேல் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனையும் குழந்தையையும் விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக முடியாது. எனவே ஆன்லைன் சந்தை ஒன்றில் தன் பெயருக்கு ஒரு பக்கம் திறந்தாள். எங்கேயோ இருக்கிற ஒருவர் தாளில் கையால் கிறுக்கி அளவு எழுதிய வீட்டுப் படத்தை அனுப்புவார். அதை அவள் கணினியில் ஒழுங்காக வரைந்து கொடுப்பாள். வேலை பிடித்தால் அவர் ஐந்து நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதுவார். அதைப் பார்த்து அடுத்தவர் வருவார். நாலு வருடமாக அந்த வீட்டின் அரிசியும் மாத்திரையும் அகல்யாவின் பள்ளி வேனும் அந்தப் பக்கத்தை நம்பித்தான் இருந்தன.

பக்கம் நன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததும் யோசனை கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யோகலட்சுமி யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. தனக்குத் தெரிந்ததை மறைத்தால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று உண்மையாகவே நம்புகிறவள் அவள். அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் பர்வீன் பானு, இரண்டு தெரு தள்ளி இருப்பவள். ஒரு படத்தைக் கொடுத்தால், எம்பிராய்டரி மெஷினுக்குப் புரிகிற கோப்பாக மாற்றும் வேலை அவளுக்குத் தெரியும். எந்த இடத்தில் ஊசி எப்படி ஓட வேண்டும், எங்கே நிறம் மாற வேண்டும் என்று கணினியிலேயே சொல்லிவிடுவது. அவள் கணவன் தாஹா சவுதியிலிருந்து திரும்பி வந்து தேவகோட்டையில் ஒரு செல்போன் கடையில் நின்றான். அந்தச் சம்பளம் போதவில்லை. மறுபடியும் போகத்தான் வேண்டும் என்று வீட்டில் பேச்சு.

"எனக்கு நாலு ஆர்டர் நின்னா அவுக போக வேண்டாம்க்கா" என்று முதல் நாளே சொன்னாள் பானு. "வேற ஆசையெல்லாம் இல்ல."

யோகலட்சுமி எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னாள்.

"கேட்டவுடனே சரின்னு தலையாட்டாத. என்ன வேணும்னு அவுக எழுதுனத ரெண்டு தரம் படி. புரியலைன்னா கேளு, கேட்டா கோவிச்சுக்க மாட்டாக, தப்பாச் செஞ்சாத்தான் கோவிப்பாக. மூணு நாள் வேலைக்கு நாலு நாள் கேளு. கரண்டு போகும், புள்ளைக்குக் காய்ச்சல் வரும், எல்லாத்தையும் சேத்துக் கேளு. வெளிய தனியா பணம் அனுப்புறேன், கமிஷன் மிச்சம்னு எவனாச்சும் சொன்னா அங்குட்டுத் திரும்பியே பாக்காத. அப்புறம் ஒண்ணு பானு. தெரிஞ்சவுக, சொந்தக்காரவுககிட்ட ஸ்டார் வாங்கவே கூடாது. அது பொய்ச் சாட்சி. கண்டுபிடிச்சா பக்கத்தையே மூடிருவாக."

"இத்தனையும் நெனப்பு வச்சுக்கிட்டு நான் எப்பக்கா ஊசி போடுறது?"

"ஊசி மெஷின்தானே போடுது. நீ நெனப்பு வையி."

பானு எல்லாவற்றையும் சொன்னபடியே செய்தாள். பக்கம் அழகாக இருந்தது. ஆனால் ஒரு ஆளும் வரவில்லை. நட்சத்திரம் இல்லாத பக்கத்தை யார் திறந்து பார்ப்பார்கள்? அகல்யாவின் கேள்விதான். யோகலட்சுமிக்கு அந்தக் கேள்வி சமைக்கும்போதும் படுக்கும்போதும் கூடவே வந்தது. இன்னொரு பக்கம் தாஹா பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துவிட்டான் என்று செய்தி வந்தது.

ஒருநாள் மதியம் அவள் கணவனின் போனை எடுத்து, அவன் பெயரில் அந்தச் சந்தையில் ஒரு வாடிக்கையாளர் கணக்கைத் திறந்தாள். பானுவின் பக்கத்துக்குப் போய் ஓர் ஆர்டர் போட்டாள். மல்லிகைச் சரத்துக்கு நடுவே அகல்யாவின் பெயர்.

பாண்டீஸ்வரன் எட்டிப் பார்த்தான். "எனக்கு எதுக்கு எம்பிராய்டரி? இடுப்பு பெல்ட்டுல பூப் போடப் போறீயா?"

"சும்மா இருங்க. ஒருத்திக்குக் கைதூக்கி விடணும்."

இரக்கத்தில் செய்ததுதான். இரக்கத்தில் செய்கிற தப்பு தப்பாகவே தெரியாது என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. தான் பத்துப் பேருக்குச் சொன்ன விதியைத் தானே தாண்டுகிறோம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தாண்டிவிட்டாள்.

மாலையே பானு ஓடி வந்தாள். "என்னக்கா, மாமா பேர்ல ஆர்டர் வந்திருக்கு!"

"மொய்யின்னு வச்சுக்க. புதுசாக் கடை தொறந்தவ வாசலுக்கு வெறுங்கையோட வர முடியுமா?"

"மொத மொய்யே தாய்மாமன் மொய்யா எழுதிட்டீகளே" என்று பானு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அந்த முதல் ஐந்து நட்சத்திரத்துக்குப் பிறகு, எங்கிருந்தோ ஓர் ஆள் வந்தார். தன் நாயின் முகத்தைத் தொப்பியில் தைத்துக்கொள்ள வேண்டுமாம். "அவன் ஆத்தா மூஞ்சியப் போடக் கூடாதாமான்னு எங்க மாமி கேக்குறாக" என்று பானு வந்து சொன்னாள். அடுத்து ஒரு கால்பந்துக் குழு. அடுத்து ஒரு பேக்கரி. தாஹா பாஸ்போர்ட்டைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான்.

இந்த ஊர்ப்பக்கம் மொய் வாங்கியவர்கள் அதை மறப்பதில்லை. கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும் நாளுக்காகக் காத்திருந்து, ஒரு பங்கு சேர்த்துத் திருப்பிச் செய்வார்கள். செய்யாவிட்டால் அந்தத் தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாது. யோகலட்சுமி வேடிக்கையாகச் சொன்ன அந்தச் சொல்லைப் பானு வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அகல்யாவின் எட்டாவது பிறந்தநாள் வந்தது. காலையில் பாயசத்துக்குச் சேமியா வறுத்துக்கொண்டிருந்தபோது யோகலட்சுமியின் போன் ஒலித்தது. புது ஆர்டர். பர்வீன் பானு என்ற வாடிக்கையாளர் தன் வீட்டு அடுப்படியை அளவோடு வரைந்து தரக் கேட்டிருந்தார். யோகலட்சுமி வாணலியை இறக்கி வைத்தாள். உடனே போன் செய்தாள்.

"என்ன வேலை பாத்து வச்சிருக்க பானு?"

"விசேஷம் வந்திருச்சுல்லக்கா. நான் திருப்பிச் செய்ய வேணாமா?"

"வேணாம்னு சொன்னேனா இல்லியா, தெரிஞ்சவுககிட்ட..."

"நீங்க எனக்குச் செஞ்சீகல்ல. நான் செஞ்சா மட்டும் ஆகாதா? எங்க வீட்டு மொய்யி கசக்குமா?"

இதற்கு மேல் என்ன சொல்வது? நான் செய்ததும் தப்புதான் என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் பிறந்தநாள் அதுவுமாய் ஆசையோடு செய்திருக்கிறாள். ஆர்டரை ரத்து செய்தால் பக்கத்தின் மதிப்பு குறையும், அவள் மனமும் நோகும். யோகலட்சுமி அடுப்படியை வரைந்து அனுப்பினாள். அம்மிக்கல் இருக்கும் மூலையைக்கூட விடாமல் வரைந்தாள்.

பானு ஐந்து நட்சத்திரம் போட்டாள். போட்டதோடு விடாமல் ஆங்கிலத்தில் எழுதியும் வைத்தாள். என் அடுப்படி அச்சு அசலாக வந்திருக்கிறது, அக்கா வேலை என்றால் அக்கா வேலைதான், நன்றி அக்கா. ஆங்கில வரிகளுக்கு நடுவில் அந்த 'அக்கா' மட்டும் மொழிபெயர்க்கப்படாமல் மூன்று இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் அந்தச் சந்தையின் நிர்வாகத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் பக்கத்தில் உள்ள ஒரு மதிப்பீடு உண்மையான வாடிக்கையாளருடையதுதானா என்று எங்களுக்கு ஐயம் இருக்கிறது. அவர் உங்களைச் சகோதரி என்று அழைத்திருக்கிறார். இவரை உங்களுக்குத் தெரியுமா? மூன்று நாளுக்குள் பதில் தேவை. அதுவரை உங்கள் பக்கம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

யோகலட்சுமி அதைப் படித்து முடித்தபோது பாண்டீஸ்வரன் சுவரைப் பிடித்தபடி நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தான். அவன் செருப்பின் சத்தம் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. அவள் கையில் கனடாக்காரர் ஒருவரின் வேலை இருந்தது. அவர் மனைவி சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாராம். அதற்கேற்ப வீட்டுக் கதவுகளை அகலப்படுத்த வேண்டும். பக்கம் மூடப்பட்டால் அதுவும் போகும், இனி வரவேண்டிய எல்லாமும் போகும்.

அவள் எழுதினாள்: "இவரை எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்காரும் முன்பின் தெரியாத பெண்ணையும் அக்கா என்றுதான் அழைப்பார்கள். அது ஒரு மரியாதைச் சொல்."

இரண்டாவது வாக்கியம் முழு உண்மை. முதல் வாக்கியத்தை ஒளித்துவைக்க அந்த உண்மையை அவள் திரைபோலப் பிடித்துக்கொண்டாள். அனுப்பிவிட்டு முகத்தைக் கழுவினாள். சாமி விளக்கை ஏற்றும்போது படத்தை நேராகப் பார்க்கவில்லை.

மூன்று நாள் கழிந்ததும் அவள் பக்கம் திறந்தது. அதே நாளில் பானுவின் பக்கம் மூடப்பட்டது.

பானு அன்று சாயங்காலம் வந்தாள். அழுவாள் என்று யோகலட்சுமி எதிர்பார்த்தாள். அழவில்லை. வாசல்படியிலேயே நின்றாள்.

"என்னாலதானேக்கா உங்க பக்கம் மூணு நாளு நின்னுபோச்சு. மன்னிச்சுக்கங்க. கூறுகெட்டத்தனமா அக்கா அக்கான்னு எழுதிட்டேன்."

"உள்ள வா பானு."

"இல்லக்கா, அவுக வந்துருவாக. டிராவல்ஸ்காரர் வரச் சொல்லிருக்காராம், விசா விஷயமா." பிறகு அவளே சிரித்துப் பார்த்தாள். "நாய்க்காரருக்கு இன்னொரு நாய் இருக்காம். இனி யாரு தச்சுக் குடுப்பாளோ."

உன்னைத் தெரியாது என்று நான்தான் எழுதினேன் என்று சொல்ல யோகலட்சுமி வாயைத் திறந்தாள். "காப்பி குடிச்சுட்டுப் போ" என்றுதான் வந்தது. பானு அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.

மனிதர்கள் கெட்டவர்களாக இருந்து பொய் சொல்வது குறைவு. பயந்துபோய்ச் சொல்வதுதான் அதிகம். ஆனால் பொய் போய்ச் சேர்கிற இடத்தில் அது பயத்தில் பிறந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அந்த வாரம் முழுவதும் யோகலட்சுமி வேலை பார்த்தாள், சாப்பிட்டாள், மகளுக்குச் சடை பின்னினாள். எதிலும் ருசி இல்லை. புதிதாக யோசனை கேட்டு வந்த ஒரு பெண்ணிடம், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கனடாக்காரரின் வேலையை ஒப்படைக்க வேண்டிய நாளில் அந்தப் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. எல்லோருக்கும் சொல்லும் யோகலட்சுமி அந்த மாதம் மட்டும் தேதியைப் பார்க்க மறந்திருந்தாள். படம் முக்கால்வாசி முடிந்து பெரிய கணினிக்குள் இருந்தது. நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். பக்கம் திறந்த கையோடு ஒரு வேலை தாமதமானால் நிர்வாகம் சும்மா விடாது.

பாண்டீஸ்வரன்தான் சொன்னான். "பானு வீட்டுப் பக்கம் இன்னைக்குக் கரண்டு உண்டு. அவுக லைனு வேற."

"அங்க வேணாங்க."

"ஏன், சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல."

"அப்புறம் என்ன? பொட்டியக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போ."

வேறு வழி இல்லை. அவள் சிபியு-வைக் கழற்றித் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "புள்ளைக்கு என்னம்மா, காய்ச்சலா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பானு தன் கணினியின் வயர்களை உருவிவிட்டு, திரையையும் மேசையையும் யோகலட்சுமிக்குக் கொடுத்தாள். அந்தத் திரையின்மேல் பூப்போட்ட துணி ஒன்று உறைபோலத் தைத்து மாட்டப்பட்டிருந்தது. அதை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். "நீங்க பாருங்கக்கா. நான் கடை வரைக்கும் போயிட்டு வந்திர்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் மாமியார் ஷரபுன்னிசா கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, கம்ப்யூட்டருக்குச் சட்டை தச்சு மாட்டியிருக்கா. புருசனுக்கு ஒரு கைலி மடிச்சு வைக்க மாட்டா."

யோகலட்சுமி திரையைப் பார்த்தபடியே, "பானுவுக்கு வருத்தம் இருக்கும்ல மாமி" என்றாள்.

"இருக்கும்தான். தானாத் தேடிக்கிட்டதுக்கு யாரு என்ன செய்ய? அவளுக்கும் அந்தக் கம்பெனிக்காரன் கேட்டு எழுதியிருந்தான்ல, யோகலட்சுமிய உனக்குத் தெரியுமான்னு. பதில் போடுடி போடுடின்னு தாஹா தலைதலையா அடிச்சுக்கிட்டான். போடலியே."

யோகலட்சுமியின் கை மவுஸின்மேல் நின்றது. "ஏன் போடல?"

"தெரியும்னு சொன்னா உனக்குக் கேடு வந்துருமாம். தெரியாதுன்னு சொன்னாப் பொய்யாம். அக்கா வீட்டுல எத்தனை நாளு தின்ன வாயி, அந்த வாயால எப்படி மாமி தெரியாதுன்னு சொல்லுவேன்னு பேசாம இருந்துட்டா." ஷரபுன்னிசா ஒரு கீரைக் காம்பை முறித்துத் தட்டில் போட்டார். "கிறுக்குச் சிறுக்கி. கையால இல்ல எழுதணும், வாயாலயா எழுதச் சொன்னாக?"

திரையில் கனடா வீட்டின் கோடுகள் கலங்கின. யோகலட்சுமி முந்தானையால் கண்ணை அழுத்திக்கொண்டாள்.

"தூசி கெடக்கா?"

"ஆமா மாமி."

வேலையை மூன்றரைக்கு அனுப்பிவிட்டாள். கிளம்பும்போது பானு வந்துவிட்டாள். ஆட்டோ வரை சிபியு-வைச் சுமந்து வந்தவளும் அவள்தான். "துண்ட நல்லாச் சுத்துங்க, எதிர்க்காத்து அடிக்கும்" என்றாள், குழந்தைக்குச் சொல்வதைப்போல. இரவுக்குள் கனடாக்காரர் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார்: குளியலறைக் கதவின் அகலத்தை நான் மறந்தே போயிருந்தேன். முகம் தெரியாத இந்தப் பெண் அதை நினைவூட்டிக் கேட்டார். நேர்மையானவர்.

அந்தக் கடைசிச் சொல்லை அவளால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கொப்புடையம்மன் கோயிலுக்குப் போனாள். எப்போதும் கணவனின் முதுகுக்காக வேண்டிக்கொள்வாள், மகளின் படிப்புக்காக வேண்டிக்கொள்வாள். அன்று எதையும் கேட்க நா எழவில்லை. அம்மனுக்குத் தெரியாததா என்று மனம் சொன்னது. தெரிந்திருப்பதுதான் இப்போது சங்கடம் என்றும் சொன்னது. குங்குமத்தைத் தாளில் மடித்துக்கொண்டு திரும்பினாள்.

திங்கட்கிழமை காலை அகல்யா பள்ளிக்குப் போனாள். பாண்டீஸ்வரன் முதுகுக்குப் பயிற்சி கொடுக்குமிடத்துக்குப் போயிருந்தான். வீட்டில் யாரும் இல்லை. யோகலட்சுமி நிர்வாகத்திடமிருந்து வந்த பழைய மின்னஞ்சலைத் திறந்து அதன் கீழேயே எழுத ஆரம்பித்தாள். ஆங்கிலம் தட்டுத் தடுமாறி வந்தது.

"நான் முன்பு எழுதியது பொய். பர்வீன் பானுவை எனக்குத் தெரியும். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். என் மகள் அவளைச் சித்தி என்கிறாள். அவள் பக்கத்துக்கு வந்த முதல் ஆர்டரும் என்னுடையதுதான், என் கணவர் பெயரில் நான் போட்டேன். இது கூடாது என்ற விதியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான், அதை முதலில் மீறியதும் நான். எங்கள் ஊரில் ஒருவர் நம் விசேஷத்துக்குச் செய்தால், அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிச் செய்தாக வேண்டும். அப்படிச் செய்யாமல் இருப்பதுதான் அவளுக்குத் தெரிந்த தப்பு. உங்கள் கேள்விக்கு அவள் பதில் எழுதாததற்குக் காரணம், எனக்குக் கேடு வரக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது என்பதுதான். அவளுக்குப் பின்னால் வந்த ஆர்டர்கள் எல்லாம் அவள் உழைப்புக்கு வந்தவை. ஒரு பக்கத்தை மூட வேண்டுமானால் என்னுடையதை மூடுங்கள்."

கடைசி வரியை அழித்தாள். அலமாரியில் இருந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்தாள். தெருவில் ஒரு பூக்காரம்மா கூவிக்கொண்டு போனார். அந்தக் குரல் தெருமுனை திரும்பி மறைந்ததும், அழித்த வரியை மறுபடியும் எழுதி, அனுப்பினாள். பிறகு எழுந்துபோய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தாள்.

ஒரு மணி நேரத்தில் அவள் பக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது. நாட்கள் போயின. புது வேலை எதையும் எடுக்க முடியவில்லை. பாண்டீஸ்வரன் கவனித்துவிட்டான்.

"என்ன, பொட்டி சும்மாவே இருக்கு?"

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். சரி பண்ணிக்கிட்டு இருக்கேன். வேற எதையும் கேக்காதீக."

"பெரிய தப்பா?"

"பெருசுதான்."

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு வெங்காயக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "சரி. சாம்பாருக்கு எத்தனை உரிக்கணும்?"

பதில் அடுத்த வாரம் வந்தது. நீண்ட கடிதம் அல்ல. உங்கள் கணக்கு இறுதி எச்சரிக்கையுடன் திறக்கப்படுகிறது. உங்கள் கணவர் பெயரிலான கணக்கும், தொடர்புடைய மதிப்பீடுகளும் நீக்கப்பட்டுள்ளன. நம்பகமான விற்பனையாளர் என்ற முத்திரை பறிக்கப்படுகிறது. மற்றவரின் கணக்கை அவரது முதல் தவறாகக் கருதி மீண்டும் திறந்திருக்கிறோம்.

அந்த முத்திரை வாங்க அவளுக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. அது இல்லாத பக்கம் தேடுகிறவர் கண்ணில் கடைசியில்தான் படும். யோகலட்சுமி கடிதத்தின் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்டது. பானு மூச்சிரைக்க உள்ளே வந்தாள். கையில் ஒரு டப்பா.

"அக்கா, பக்கம் தொறந்திருச்சு! அதுவாத் தொறந்திருச்சுக்கா! நான் ஒண்ணுமே எழுதல. மாமி நேந்துக்கிட்டாக, அதான். அவுக நாகூருக்குப் போகணும்னு இப்பவே கெளம்பி நிக்கிறாக."

"போயிட்டு வாங்க."

"நாய்க்காரரும் வந்துட்டாரு. ரெண்டாவது நாயி. இவுகளும் விசா வேணாம்னு சொல்லிட்டாக." டப்பாவைத் திறந்து நீட்டினாள். "கடல்பாசி இனிப்புச் செஞ்சேன், எடுத்துக்கங்க. உங்க பக்கம் எப்படிக்கா ஓடுது?"

"ஓடுது."

"உங்க கை ராசிதான் எனக்கு. அடுத்து உங்க வீட்டு விசேஷம் எப்ப?"

"அடியே, இனிமே எனக்கு ஆர்டர் கீர்டர் போட்ட, வீட்டுப் பக்கம் விட மாட்டேன்."

"அப்ப என் மொய்யி?"

"வந்து சேந்திருச்சு பானு" என்றாள் யோகலட்சுமி. "சரியாப் போச்சு."

பானுவுக்கு அது விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த அகல்யாவின் வாயில் ஒரு துண்டு கடல்பாசியைத் திணித்துவிட்டு, மாமி தேடுவார் என்று ஓடினாள்.

யோகலட்சுமி கணினி முன் உட்கார்ந்தாள். பானுவின் பக்கத்தைத் தேடி எடுத்தாள். பெயருக்குப் பக்கத்தில், திறந்திருக்கிறது என்று காட்டும் பச்சைப் புள்ளி எரிந்தது. தாய்மாமன் மொய்யாக வந்த முதல் நட்சத்திரம் அங்கே இப்போது இல்லை. நாய்க்காரர் போட்டது இருந்தது. பேக்கரிக்காரர் போட்டது இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள் போட்டவை.

அதை மூடிவிட்டுத் தன் பக்கத்தைத் திறந்தாள். முத்திரை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. யாரோ ஒரு புது ஆள், தன் ஆட்டுக் கொட்டகையை வரைந்து தர முடியுமா என்று கேட்டிருந்தார். மிகச் சின்ன வேலை. நாலு வருடத்துக்கு முன்பு அவள் ஆரம்பித்ததும் இப்படி ஒன்றில்தான்.

அவர் எழுதியதை இரண்டு தரம் படித்தாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதத் தொடங்கினாள்.